மேகத்தில் வைத்த நூலகம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

முன்னுரை

கற்றவர் இல்லத்திற்கு நூல்களே அணிகலன் என்பர். எங்கள் இல்லத்தில் அந்த அணிகலன் இருந்ததில்லை. என் தந்தையார் கொத்தனார். தாயார் கையெழுத்து மட்டும் போடக் கற்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாடநூல்களை விலைக்கு வாங்கி அடுக்கி வைக்கும் வசதி எனக்கு இல்லை. ஆனால் கைப்பேசி ஒன்று இருந்தது. அதன் வழியே எனக்கென ஒரு நூலகம் கிடைத்தது. அந்த நூலகத்தை மேகத்தில் வைத்திருந்தேன். பிறகு ஒரே நாளில் அதை இழந்தேன்.

என்னைப் போலவே நம் கல்லூரியில் பலர் தம் நூல்களையும் குறிப்புகளையும் மேகத்தை நம்பி வைத்திருக்கின்றனர். அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரியானது? அதில் உள்ள அபாயங்கள் யாவை? நாம் செய்ய வேண்டியது என்ன? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேகம் என்பது யாது?

கிளவுட் ஸ்டோரேஜ் என்பதைத் தமிழில் மேகச் சேமிப்பு என்கிறோம். பெயரைக் கேட்டால் வானத்தில் எங்கோ அழிவின்றி மிதக்கும் பொருள் போலத் தோன்றும். உண்மையில் அது மண்ணில் நிற்கும் ஒரு கட்டடம். அதற்குள் ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றிற்கு மின்சாரம் வேண்டும். குளிரூட்டும் கருவிகள் வேண்டும். மின்தடைக்கு மாற்றாக மின்கலன்கள் வேண்டும். இவற்றையெல்லாம் இயக்க மனிதர்கள் வேண்டும். சுருங்கச் சொன்னால், மேகம் என்பது மற்றொருவருடைய கணினி.

அதன் நன்மைகளை மறைத்தல் நேர்மையாகாது. நாம் அனுப்பும் கோப்பு ஒரே தட்டில் கிடப்பதில்லை. பெரிய நிறுவனங்கள் அதனைப் பல தட்டுகளில் பிரதி எடுத்து வைக்கின்றன. ஒரு தட்டு பழுதுபட்டால் மற்றொன்று உதவும். கைப்பேசி தொலைந்தாலும் வேறொரு கருவியில் நூலைத் திறந்து படிக்கலாம். ஏழை மாணவனுக்கு இலவசமாக 15 ஜிபி இடம் கிடைப்பது சிறிய உதவியன்று. எனவே மேகத்தைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் கருத்தன்று. அதனை மட்டும் நம்புவதே பிழை என்பேன்.

நான் கற்ற பாடம்

பதினோராம் வகுப்பில் படிக்கும்போது ஒரு மேகச் சேவையில் கணக்குத் தொடங்கினேன். அப்போது தந்தையாரிடம் இருந்த எண்ணைக் கொடுத்திருந்தேன். பிறகு குறைந்த கட்டணத்திற்காக வேறு சிம் வாங்கினோம். பழைய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யவில்லை. சில மாதங்களில் அந்த எண் எங்கள் கையைவிட்டுப் போயிற்று. கணக்கில் எண்ணை மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கல்லூரியில் முதலாண்டு படித்தபோது, படிப்பை முடித்துச் சென்ற அண்ணன் ஒருவர் தம் இயற்பியல் குறிப்பேடுகளைப் படிக்கத் தந்தார். இயக்கவியலும் ஒளியியலும் அவர் கைப்பட எழுதியவை. முந்நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து மேகத்தில் ஏற்றினேன். ஏடுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவற்றோடு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நூல்களையும் பாட வாரியாகப் பிரித்து அடுக்கினேன். நண்பர்கள் சிலர் கேட்டனர். "தேர்வு முடியட்டும், தருகிறேன்" என்று தள்ளிப்போட்டேன். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவனுக்கு, கிடைத்த பொருளைக் கைவிட மனம் வரவில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் பருவத் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தந்தையாருடன் சித்தாள் வேலைக்குச் சென்றிருந்தேன். கைப்பேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. பழைய கைப்பேசி ஒன்றை இரவல் வாங்கிக் கணக்கைத் திறந்தேன். கடவுச்சொல் சரியாகவே இருந்தது. ஆனால் புதிய கருவி என்பதால், பதிவு செய்த எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருப்பதாகத் திரையில் வந்தது. அந்த எண்ணுக்கு அழைத்தேன். எங்கோ ஒரு பெரியவர் எடுத்தார். நிலைமையைச் சொல்லி அந்த எண்களைக் கேட்டேன். "ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்குல சொல்லியிருக்காங்க தம்பி. தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவர் சொன்னதே சரி. பிழை என்னுடையது. அண்ணனிடம் ஓடினேன். அவர் வீட்டைக் காலி செய்தபோது குறிப்பேடுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். நான் எடுத்த படங்களே கடைசிப் பிரதி என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் ஒன்று தப்பியது. ஏடுகள் என்னிடம் இருந்தபோது, விடுதி நண்பன் ஒருவன் ஒளியியலில் இரண்டு அலகுகளை மட்டும் ஜெராக்ஸ் எடுத்திருந்தான். அந்தத் தாள்களைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். மேகம் காக்காததை ஓர் இரும்புப் பெட்டி காத்தது. இந்த நிகழ்ச்சியே என்னை மேலும் படிக்கத் தூண்டியது.

வாங்கிய நூலும் நமதன்று

இலவசமாக வைத்ததால்தான் இழந்தேன் என்று முதலில் எண்ணினேன். பணம் கொடுத்து வாங்கிய மின்னூல்களும் போயிருக்கின்றன என்பதைப் பிறகு அறிந்தேன்.

2009 ஜூலையில் அமெரிக்காவில் அமேசான் நிறுவனம், தன் கிண்டில் கருவிகளில் வாசகர்கள் வாங்கி வைத்திருந்த ஜார்ஜ் ஆர்வெலின் இரு நூல்களின் குறிப்பிட்ட பதிப்புகளைத் தொலைவிலிருந்தே நீக்கியது. உரிமை இல்லாத ஒருவர் அவற்றை விற்பனைக்கு ஏற்றியிருந்தார் என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. ஆனால் நூலோடு சேர்த்துத் தன் படிப்புக் குறிப்புகளும் பயனற்றுப் போயின என்று ஒரு பள்ளி மாணவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனத்தின் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நீக்கப்பட்டவற்றுள் ஒன்று '1984' என்ற நாவல். பழைய பதிவுகளை ஆட்சியாளர் அழித்துத் திருத்தும் ஒரு நாட்டைப் பற்றிய கதை அது.

2019 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடியது. அவ்வாண்டு ஜூலைக்குப் பிறகு அங்கு வாங்கிய நூல்கள் திறக்காமல் போயின. அங்கும் பணம் திரும்பி வந்தது, நூல்கள் திரும்பவில்லை. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்று அது, திவாலாகவுமில்லை. அந்த வியாபாரம் வேண்டாம் என்று முடிவு செய்தது, அவ்வளவே.

இவற்றிற்கு மூலகாரணம் என்ன? கடையில் அச்சுநூல் வாங்கினால் அந்தப் பிரதி நமக்குச் சொந்தம். மின்னூல் வாங்கும்போது பெரும்பாலும் நாம் பெறுவது படிப்பதற்கான உரிமம் மட்டுமே. நூலைத் திறக்கும்போது நம் கருவி நிறுவனத்தின் கணினியிடம் அனுமதி பெறவேண்டியிருக்கலாம். அக்கணினி நின்றுவிட்டால் நூலும் நின்றுவிடும். இவ்வாறு விற்பது உரிமமே என்பதை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டமே இயற்றி, 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. அடுத்த மாதமே, வாங்கிய கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி. வழியே மாற்றும் வசதியை அமேசான் நிறுத்தியது.

தீயும் பிழையும்

உரிமைச் சிக்கல் இல்லாத கோப்புகளுக்கும் அபாயம் உண்டு. தென் கொரியாவில் டேஜான் நகரத்தில் அந்நாட்டு அரசின் தகவல் மையம் உள்ளது. 2025 செப்டம்பர் 26 அன்று அங்கு லித்தியம் மின்கலன்களில் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளை வைத்திருந்த 'ஜி-டிரைவ்' என்ற மேகச் சேமிப்பு எரிந்து போயிற்று. அதில் இருந்தவை 858 டெராபைட் அளவுத் தகவல்கள். அளவு பெரிதாக இருந்ததால் அதற்கு வெளியே காப்புப் பிரதி எடுக்கப்படவில்லை. தத்தம் கணினியில் வைக்காமல் பாதுகாப்பாக அதில் வைக்கும்படி ஊழியர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது என்பதே இதில் வருந்தத்தக்கது. கணினித் துறையில் முன்னணியில் நிற்கும் ஒரு நாட்டின் அரசுக்கே இது நேர்ந்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிறுவனம் கூகிளின் மேகத்தில் தன் பணிகளை நடத்திவந்தது. 2024 மே மாதத்தில், அமைப்பில் நேர்ந்த ஒரு பிழையால் அது அங்கு பயன்படுத்திய தனி மேகம் நீக்கப்பட்டது. வெவ்வேறு இடங்களில் இருந்த இரு பிரதிகளும் ஒருசேர மறைந்தன. ஆனால் அந்நிறுவனம் வேறொரு நிறுவனத்திடமும் காப்புப் பிரதி வைத்திருந்தது. அதன் துணையால் மீண்டு எழுந்தது.

இரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். தீயோ பிழையோ யாருக்கும் வரலாம். முழுவதும் இழந்தவருக்கும் மீண்டவருக்கும் இடையே உள்ள வேறுபாடு, வெளியே இருந்த ஒரு பிரதிதான்.

ஒரு சிறு கணக்கு

இதனை நிகழ்தகவு கொண்டு விளக்கலாம். ஒரு பிரதி ஓராண்டில் அழிய நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என வைத்துக்கொள்வோம். ஒன்றையொன்று சாராத இரண்டு பிரதிகள் இருப்பின், அதே ஆண்டில் இரண்டும் அழியும் வாய்ப்பு பதினாயிரத்தில் ஒன்று. மூன்று பிரதிகள் இருப்பின் பத்து லட்சத்தில் ஒன்று.

இங்கே 'ஒன்றையொன்று சாராத' என்ற சொற்களை நாம் மறந்துவிடலாகாது. மேக நிறுவனம் பத்துத் தட்டுகளில் பிரதி வைத்திருந்தாலும், அந்தப் பத்துக்கும் கடவுச்சொல் ஒன்றே. பதிவு செய்த கைப்பேசி எண் ஒன்றே. நீக்கும் கட்டளையும் ஒன்றே. தட்டு பழுதடைந்தால் அந்தப் பத்தும் உதவும். கணக்கு பூட்டப்பட்டால் பத்தும் சேர்ந்தே போகும். என் கணக்கில் நேர்ந்தது அதுவே.

இன்னொரு மயக்கமும் உண்டு. கைப்பேசியிலும் மேகத்திலும் ஒரே கோப்பு தெரிவதால் இரண்டு பிரதிகள் உள்ளன என்று எண்ணுகிறோம். அவை ஒத்திசைவு முறையில் இணைக்கப்பட்டிருந்தால், கைப்பேசியில் தவறுதலாக அழித்த கோப்பு மேகத்திலும் அழியும். கூகிள் டிரைவில் குப்பைத்தொட்டிக்குச் சென்ற கோப்பு 30 நாள் கழித்து நிலையாக நீக்கப்படும். மேலும், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை அந்நிறுவனம் 2023 டிசம்பரில் தொடங்கியது. கண்ணாடியில் தெரியும் உருவம் இரண்டாவது ஆளாகாது. ஒத்திசைந்த கோப்பும் காப்புப் பிரதியாகாது.

முன்னோர் காட்டிய வழி

ஓரிடத்தில் மட்டும் உள்ள நூலுக்கு ஆபத்து என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. பனையோலை நிலையானதன்று. கரையானும் ஈரமும் அதனை அரித்துவிடும். ஆகவே பழுதுபடும் முன்னரே புதிய ஓலையில் படியெடுத்தனர். படியெடுக்க ஆளில்லாத நூல்கள் மறைந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து கிடைத்த சுவடிகளை ஒப்பிட்டே பாடத்தைத் தெளிவு செய்தார். ஒன்றில் சிதைந்தது மற்றொன்றில் இருந்தது. பல வீடுகளில் பல படிகள் இருந்தமையால்தான் அந்நூல் நமக்குக் கிடைத்தது எனின் மிகையாகாது.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அச்சில் பல பிரதிகள் இருந்த நூல்களை மீண்டும் தேடிப் பெறலாம். ஒரே பிரதியாக இருந்தவை மீளா. பின்னாளில், 2005-இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி யாவரும் படிக்க வழி செய்தது.

இவ்வகையில் மதுரைத் திட்டமும் குறிப்பிடத்தக்கது. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கினர். அவற்றை யாரும் தம் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். அந்நாளைய எழுத்துருக் குறியீடுகளில் இருந்த கோப்புகள் பின்னர் யூனிகோடு முறைக்கு மாற்றப்பட்டன. ஓலை மாற்றிப் படியெடுத்த பழைய வழக்கத்தின் இக்கால வடிவம் இது. கோப்பை வைத்திருந்தால் மட்டும் போதாது. நாளைய கருவி படிக்கும் வடிவில் அது இருத்தல் வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

நாம் செய்ய வேண்டுவன

கணினித் துறையினர் 'மூன்று, இரண்டு, ஒன்று' என்று ஒரு விதி சொல்வர். மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைப் பொருள்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறிடத்தில் இருக்க வேண்டும். நம் நிலைக்கு ஏற்ப இதனைப் பின்வருமாறு கடைப்பிடிக்கலாம்.

முதலாவதாக, மேகத்தில் உள்ள நூல்களை ஒரு பென் டிரைவிலும் வைப்போம். செலவு அதிகமாகுமோ என்ற ஐயம் எழலாம். யூனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக்குறி பொதுவாக 3 பைட் இடம் கொள்ளும். பக்கத்திற்கு 2,000 குறிகள் என்று கொண்டால், 300 பக்க நூல் 18 லட்சம் பைட், அதாவது 1.8 எம்பி ஆகும். ஆக, 32 ஜிபி பென் டிரைவில் 17,000-க்கும் மேற்பட்ட நூல்கள் அடங்கும். படமெடுத்த பக்கங்கள் ஒவ்வொன்றும் 150 கேபி என்று கொண்டாலும் ஏறத்தாழ 700 நூல்களை வைக்கலாம். ஒரு மாணவனின் மூன்றாண்டுப் படிப்புக்கு இது மிகுதி.

இரண்டாவதாக, பென் டிரைவையும் முழுவதும் நம்புதல் கூடாது. அதனுள் தகவல் மின்னூட்டமாகச் சிறைப்பட்டுள்ளது. நெடுங்காலம் பயன்படுத்தாமல் வைத்தால் அந்த மின்னூட்டம் சிறிது சிறிதாகக் கசியும். எனவே பருவத்திற்கு ஒருமுறை கணினியில் செருகி, கோப்புகளைத் திறந்து பார்ப்பது நல்லது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுவது அதனினும் நல்லது.

மூன்றாவதாக, மேகக் கணக்கில் உள்ள கைப்பேசி எண்ணையும் மாற்று மின்னஞ்சலையும் இன்றே சரிபார்ப்போம். மீட்புக் குறியீடுகள் தரப்பட்டால் அவற்றைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துவோம். கல்லூரி தந்த மின்னஞ்சல் கணக்கில் நூல்களை வைத்திருப்போர், படிப்பு முடியுமுன் அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவதாக, கைப்பட எழுதிய குறிப்புகளைப் படமெடுத்துவிட்டோம் என்று ஏட்டைத் தூக்கி எறிய வேண்டாம். தாளும் ஒரு பிரதியே. அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை.

ஐந்தாவதாக, நண்பர்க்குக் கொடுப்போம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள், உரிமைக்காலம் முடிந்த நூல்கள், நாமே எழுதிய குறிப்புகள் ஆகியவற்றைப் பகிர்வதற்குத் தடையில்லை. கொடுத்தால் குறையாத பொருள் கல்வி என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வந்தோம். கொடுக்காமல் வைத்திருந்தால் அது அழியவும் கூடும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரு வேண்டுகோள்

நம் கல்லூரியின் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய ஆண்டு மலர்கள், மாணவர் செய்த ஆய்வுத் திட்ட அறிக்கைகள், ஆசிரியர்கள் தயாரித்த பாடக் குறிப்புகள் ஆகியவை வேறெந்த நூலகத்திலும் கிடைக்காதவை. அவற்றை மின்வடிவாக்கும்போது ஒருவருடைய தனிக் கணக்கில் மட்டும் வைத்தல் வேண்டாம். இரண்டு வெளி வன்தட்டுகள் போதும். ஒன்று நூலகத்திலும் மற்றொன்று வேறொரு கட்டடத்தில் உள்ள துறையிலும் இருக்கலாம். மேகத்தில் மூன்றாவது பிரதி இருக்கட்டும். பருவத்திற்கு ஒருமுறை அவற்றைத் திறந்து சரிபார்க்கும் பொறுப்பை மாணவர்களாகிய எங்களிடம் ஒப்படைக்கலாம். மகிழ்ச்சியுடன் செய்வோம்.

முடிவுரை

மேகம் மழை தரும். ஆனால் மழைநீரை மேகத்திலேயே சேமித்து வைக்க எந்த உழவரும் எண்ணியதில்லை. ஏரி வெட்டினர், குளம் வெட்டினர், கிணறு தோண்டினர். ஒன்று வற்றினும் மற்றொன்று உதவும் என்று ஊர்தோறும் தேக்கி வைத்தனர். நூல்களுக்கும் அதுவே வழியாகும்.

இரண்டாம் பருவத் தேர்வில், நண்பன் தந்த அந்த ஜெராக்ஸ் தாள்களைப் படித்தே ஒளியியலில் தேறினேன். இயக்கவியலில் தவறி, அடுத்த பருவத்தில் மீண்டும் எழுதித் தேறினேன். இப்போது அந்த ஒளியியல் குறிப்புகள் என் பென் டிரைவில் உள்ளன, மேகத்தில் உள்ளன, விடுதியில் உள்ளன, எங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மூவரிடமும் உள்ளன. இயக்கவியல் குறிப்புகளை நானே புதிதாக எழுதி வருகிறேன். வேண்டுவோர் வகுப்பறைக்கு வந்து என்னிடம் பெற்றுக்கொள்ளலாம். இம்முறை, தேர்வு முடியட்டும் என்று சொல்லமாட்டேன்.